கதவுநிலையில் தொங்கிய தோல்வார்

"கத்தி கிடைத்தது. அம்மாவின் ஓட்டைச் சட்டி போனது. இனி பிளேட் வாங்குவதில்லை."

என் அப்பியாசக் கொப்பியில் 2010 ஆவணி என்று தலைப்பிட்ட பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறது. நாளைக் குறித்த மூலையைக் கறையான் தின்றுவிட்டது. அடுத்த வரியில் தண்ணீர்ப் பவுசர் வரவில்லை என்று இருப்பதை வைத்து நாளைக் கணிக்க முயன்றேன். அந்த மாதத்தில் பவுசர் வராத நாட்களே அதிகம் என்று நினைவுக்கு வந்ததும் அந்த ஆராய்ச்சியைக் கைவிட்டேன்.

அப்போது நாங்கள் நானாட்டானுக்கு அப்பால், வயல் ஓரத்தில், உறவினர் ஒருவர் இரக்கப்பட்டு விட்ட காணியில் இருந்தோம். எங்கள் சொந்த ஊர் விடத்தல்தீவுக்கு உட்பக்கம். அங்கே கண்ணிவெடி எடுத்து முடியவில்லை. ஆகவே போர் முடிந்ததும் அடைத்துவைத்த முகாமிலிருந்து வெளியே விட்டவர்கள் எங்களை மீள்குடியேறியோர் என்று பதிந்துவிட்டு, குடியேற ஊர் இல்லாமலே அனுப்பிவைத்தார்கள். வீட்டில் நான், அம்மா, தங்கச்சி. தகரக் கூரை, அரைச்சுவர், முன்பக்கத்தில் ஒரு கதவு. அந்தக் கதவின் மரநிலைதான் வீட்டிலேயே உறுதியான பொருள்.

நான் ஒரு கூட்டுறவுச் சங்கக் கிளையில் தற்காலிக எழுதுவினைஞனாக இருந்தேன். கிழமையில் சில தடவை மன்னார் நகரத்துக்குப் போய்வர வேண்டும். பாலத்தடியில் சோதனைச்சாவடி. என் அடையாள அட்டையில் இருப்பவர் மழுங்க வழித்த இளைஞர். அட்டையை நீட்டியவரோ முகாமில் தாடி வளர்த்த நடுவயதுக்காரர். சிப்பாய் அட்டையைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான், மறுபடி அட்டையைப் பார்ப்பான். "றெவுல மொகட்டத?" என்பான். சிங்களத்தில் தாடி எதற்கு என்று அர்த்தம். தாடிக்கு ஒரு காரணம் இருக்கவேண்டும் என்று நம்பும் அரசு அது. நான் வெயிலில் ஓரமாக நிறுத்தப்படுவேன். என் பின்னால் வந்தவர்கள், வழித்த கன்னத்தோடு, பாலத்தைக் கடந்து போவார்கள்.

ஆகவே தாடியை எடுப்பது அலங்காரம் அல்ல, பிரயாண அனுமதி. என் தாடியோ காலையில் வழித்தால் பின்னேரம் கறுக்கும் வகை. சலூனுக்கு அடிக்கடி போகக் கட்டாது. நிவாரணமாகத் தந்த சுகாதாரப் பொதியில் பிளாஸ்ரிக் சவரக் கருவி ஒன்று இருந்தது. அதனுடன் கைகழுவுவது எப்படி என்று மூன்று மொழிகளில் படம் போட்ட தாளும் இருந்தது. தாள் கருவியைவிடக் கூர்மையானது. முதல் நாள் ஒரு கன்னத்தை வழித்தது. மற்றக் கன்னத்துக்கு வந்தபோது அது தன் கடமையை முடித்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் ஆண் ஒருவன்தான், எனக்குக் கிடைத்தது ஒன்று. பக்கத்து வளவில் கணவரை இழந்து தனியே இருந்த ஒரு மூதாட்டிக்கும் ஒன்று. யாரோ தொலைதூரத்துக் கதிரையில் இருந்து சமத்துவமாகப் பங்கிட்டிருக்கிறார்.

லண்டனில் இருந்த மச்சான் ஒருவர் தொலைபேசியில் எனக்கு வழி சொன்னார். மடக்குகிற சவரக்கத்தி வாங்கினால் ஆயுள் முழுதும் போதுமாம். அதோடு ஒரு தோல்வார், தீட்டுகிற கல் மூன்று ரகம், ஏதோ விலங்கின் மயிரில் செய்த தூரிகை, மரக்கிண்ணத்தில் சவர்க்காரம், வழித்த பிறகு பூச ஒரு தைலம்.

"மலிவுதான் மச்சான். ஒருக்காச் செலவழிச்சாச் சரி. பிறகு சும்மா."

"எவ்வளவு வரும்?"

அவர் சொன்ன தொகையில் அப்போது ஒரு கிணறு கட்டலாம். செலவைக் குறைக்க முதலில் செல்வந்தனாக வேண்டும் என்று போதிக்கும் இந்தச் சிக்கன சமயத்தில் நான் சேரவில்லை. ஆனால் கத்தி என்ற எண்ணம் மட்டும் மனதில் நின்றது.

அது கிடைத்தது பழைய இரும்பு சேர்க்கிறவரிடம். சண்டை முடிந்த கையோடு எங்கள் பகுதியில் செழித்த ஒரே தொழில் அதுதான். சைக்கிளில் சாக்கைக் கட்டிக்கொண்டு வந்தவர் எங்கள் வேலியடியில் சாக்கை அவிழ்த்தபோது, கதவுப் பூட்டுகளுக்கும் உழவு இயந்திரத் துண்டுகளுக்கும் நடுவே அது கிடந்தது. கைபிடியின் ஒரு பக்கம் இல்லை. அலகில் துரு, ஆனால் வாய் உடையவில்லை. அம்மாவின் ஓட்டைச் சட்டியைக் கொடுத்து வாங்கினேன். சட்டி முகாமில் தந்தது, ஆகவே அம்மாவுக்கு அதில் பாசம் இல்லை. கத்தியைப் பார்த்த பிறகுதான் சட்டிமேல் பாசம் வந்தது.

"உதை ஏன் வீட்டுக்குள்ள கொண்டுவாறாய்?"

"வழிக்கத்தான் அம்மா."

"வழிக்கிறதுக்கு ஆக்கள் இருக்கினம். நீ உதைக் கையில எடுத்தா, நாளைக்கு ஊரில இருக்கிறவன் எல்லாம் தலையை நீட்டிக்கொண்டு வந்து நிப்பான்."

இதை வெளியூரில் வாசிப்பவர்களுக்காக விளக்கவேண்டும். எங்கள் பக்கத்தில் பிளாஸ்ரிக் கருவியால் தன் முகத்தைத் தானே வழிப்பவன் யாராகவும் இருக்கலாம். ஆனால் மடக்குக்கத்தியும் தோல்வாரும் ஒரு வீட்டில் இருந்தால், அது முடிவெட்டுகிற சாதியார் வீடு. முகாமில் அம்மா எல்லாரோடும் ஒரே கிடாரத்துச் சோற்றுக்கு வரிசையில் நின்றவர்; எந்தக் கை அந்தச் சோற்றை அள்ளிப் போட்டது என்று ஒருநாளும் கேட்டதில்லை. முள்ளுக்கம்பியைத் தாண்டி வெளியே வந்ததும் முதலில் திரும்பக் கிடைத்தது இந்த நினைவுதான். காணி, மாடு, பத்திரம் எதுவும் மீளவில்லை. இது மட்டும் சேதமில்லாமல் மீள்குடியேறிவிட்டது.

கத்தியைச் சீர்படுத்தியது தங்கச்சி. அவள் நானாட்டானில் தையல் நிலையம் ஒன்றில் வேலை செய்தாள். ஊசிமுனையைப் பார்த்தே வளைவு சொல்லிவிடுகிற கண். பனஞ்சிராயைச் சீவிக் கைபிடிக்கு மறுபக்கம் செய்து மெல்லிய கம்பியால் இறுக்கினாள். துருவைச் சாம்பலும் தேங்காயெண்ணெயும் வைத்துத் தேய்த்தாள். தீட்டுகிற கல்லுக்குப் பதிலாக, மெருகு பூசாத அடிவளையம் உள்ள ஒரு பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து வைத்தோம். தோல்வார் என்னிடமே இருந்தது. முகாம் என் இடுப்பைச் சுருக்கியதில் மிச்சமாகிப்போன பெல்ட் அது. அதைக் கதவுநிலையில் ஆணி அடித்துத் தொங்கவிட்டேன்.

வாரில் தீட்டும்போது கத்தியின் முதுகு முன்னே போகவேண்டும், வாய் பின்னால் இழுபடவேண்டும். இதை ஒரு பழைய ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தில் வாசித்திருந்தேன். வாசித்ததை நம்பி, கையை வேறு மாதிரி இயக்கி, முதல் இழுப்பிலேயே பெல்ட்டின் ஓரத்தைச் சீவினேன்.

"விடுங்கோ அண்ணா," என்று தங்கச்சி வாங்கிக்கொண்டாள். "உங்களுக்கு வாசிக்கிற கை. இது தைக்கிற கைக்குத்தான் சரிவரும்."

அன்றுமுதல் தீட்டுவது அவள், வழிப்பது நான். வேலைக்குப் போகுமுன் அவள் கதவடியில் நின்று இழுக்கிற சத்தம் கேட்கும். தலைமுடி ஒன்றைப் பிடுங்கி அலகில் விட்டுப் பார்ப்பாள். முடி அறுந்து விழுந்தால் கத்தியை மடித்து என்னிடம் தருவாள்.

வழிப்பதில் என் தொடக்க கால வரலாறு இரத்தத்தால் எழுதப்பட்டது. பிளாஸ்ரிக் கருவிக்குப் பழகிய கை அழுத்தும். கத்திக்கு அழுத்தம் ஆகாது. அதன் பாரமே போதும். தோலை மற்றக் கையால் இழுத்துப் பிடித்து, அலகைக் கன்னத்தோடு சாய்த்து, மயிர் வளர்கிற பக்கமாகவே இறக்கவேண்டும். நிமிர்த்திப் பிடித்தால் வெட்டும். இவை எல்லாம் புத்தகத்தில் இருந்தன. புத்தகத்தில் இல்லாதது, எங்கள் கிணற்று உவர்த்தண்ணியில் சவர்க்காரம் நுரைக்காது என்பது. உடுப்புத் தோய்க்கிற கட்டியை எவ்வளவு தேய்த்தாலும் தயிர் திரிந்தமாதிரி முகத்தில் ஒட்டும். நுரை இல்லாத முகத்தில் கத்தி வைப்பது வயலில் வெறுங்காலோடு அரிவாளை இழுப்பது மாதிரி. பவுசர் கொண்டுவரும் நல்ல தண்ணியில் ஒரு கோப்பை எனக்கென்று ஒதுக்க, அம்மாவோடு பேச்சுவார்த்தை நடத்தவேண்டியிருந்தது. தூரிகைக்கு, சுண்ணாம்பு அடித்து முடிந்த மட்டையின் நுனியைக் கழுவி, வெட்டி, நூல் சுற்றிக்கொண்டேன். வெட்டுக்காயத்துக்குப் படிகாரக் கல்.

ஆவணி முடிவதற்குள் என் முகம் அடையாள அட்டையில் உள்ளவருக்குக் கிட்டத்தட்ட மாமா ஆகும் அளவுக்கு வந்துவிட்டது. சிப்பாய் அட்டையைத் திருப்பித் தந்தான். லண்டன் மச்சானிடம் இதைச் சொன்னேன். "மூன்று ரகக் கல் இல்லாமல் உது சரிவராது," என்றார். வழித்த கன்னத்தைத் தொலைபேசியில் காட்ட முடியாதபடியால் விட்டுவிட்டேன்.

இந்த நேரத்தில்தான் தங்கச்சிக்குச் சம்பந்தம் வந்தது.

மாப்பிள்ளைக்கு விவசாயிகளுக்கான கமநலக் கந்தோரில் வேலை. தையல் நிலையத்துக்குச் சட்டை தைக்கக் கொடுக்க வந்தவர், பிறகு தைத்த சட்டையில் பொத்தான் சரியில்லை என்று வந்தவர், பிறகு பொத்தான் சரியாக இருக்கிறது என்று சொல்ல வந்தவர். தங்கச்சிக்கு முப்பது தாண்டியிருந்தது. கலியாணம் பேசவேண்டிய வயதை அவள் பதுங்குகுழியிலும் கூடாரத்திலும் கழித்தாள். நான் அவளிடம் நேரே கேட்டேன்.

"உனக்கு விருப்பமோ?"

"ஓம் அண்ணா," என்றாள். "நல்ல மனிசன். சத்தம் போட்டுக் கதைக்கமாட்டார்."

அவள் தனக்கென்று ஒன்றை விரும்புகிறாள் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆகவே இந்தக் கலியாணம் நடக்கவேண்டும் என்று நானும் விரும்பினேன். இதைத் திட்டமாக எழுதிவைக்கிறேன். பின்னால் நடந்ததைக் கேட்ட சிலர், தமையன்தான் பிடிவாதத்தால் குழப்பினான் என்று இன்றும் சொல்கிறார்கள்.

தரகர் சொன்னார், மாப்பிள்ளைக்குத் தகப்பன் இல்லை, பெரியப்பாதான் எல்லாம், அவர் ஒருக்கா வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போவார் என்று. வீட்டைப் பார்ப்பது என்றால் கூரையைப் பார்ப்பது அல்ல. சனம் இடம்பெயர்ந்து கலந்துபோய்க் கிடந்த காலம் அது. யார் யார் என்று சொல்ல ஊர்கள் இல்லை. ஆகவே விசாரிக்கிறவர்கள் சின்னச் சின்ன அடையாளங்களைத் தேடித் திரிந்தார்கள். துப்பறிவதற்கு நாட்டில் எவ்வளவோ இருந்தது. காணாமல் போனவர்கள் இருந்தார்கள். இவர்கள் துப்பறிந்தது இதைத்தான்.

பெரியப்பா புரட்டாதியில் ஒரு ஞாயிறு காலை வந்தார். தரகரின் மோட்டார்சைக்கிளில் பின்னால் இருந்து வந்தார். அம்மா முதல்நாளே வாரைக் கழற்றச் சொன்னார். ஆணி இறுகிப்போய்க் கழலவில்லை. "சரி, உதுக்கு மேல துவாயைப் போடு," என்றார். துவாய் போட்டோம். சோளகக் காற்று இன்னும் ஓயவில்லை. பெரியப்பா கதிரையில் இருந்ததும் கதவு வழியே வந்த காற்று துவாயைத் தூக்கி முற்றத்தில் போட்டது. வார், ஆணியில் நீளமாக, பளபளப்பாகத் தொங்கியது. பக்கத்தில் மாடத்தில் கிண்ணம், மட்டைத் தூரிகை, மடித்த கத்தி.

பெரியப்பா பார்த்தார்.

"உங்கட ஊர்க் கோயில்ல உங்களுக்கு எத்தினையாந் திருவிழா?" என்று கேட்டார். யார் எந்த நாள் திருவிழாவுக்கு உபயகாரர் என்று தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். வாயால் கேட்காமல் கேட்கிற வழி இது.

"கோயில் இல்லை ஐயா," என்றேன். "செல் விழுந்து கூரை போச்சுது."

"அது சரி. கூரை போக முந்தி?"

அம்மா முந்திக்கொண்டு, "ஏழாந் திருவிழா எங்கட ஆக்கள்தான்," என்றார். குரலில் பெருமை. எங்கள் ஊரில் கேட்டிருந்தால் பெரியப்பா அந்தப் பதிலோடு எழுந்து அம்மாவைக் கும்பிட்டிருப்பார். இங்கே தலையை மட்டும் ஆட்டினார்.

"ம்ம். இப்ப ஆரும் எதையும் சொல்லலாம்," என்றார், தரகரைப் பார்த்து.

தங்கச்சி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். பவுசர் தண்ணியில் போட்டது, பால்மா விட்டது, அந்த வீட்டில் அந்த மாதத்தில் போட்ட ஆகச் சிறந்த தேத்தண்ணி. பெரியப்பா கோப்பையைத் தொடவில்லை.

"இப்பத்தான் குடிச்சிட்டு வந்தனான் பிள்ளை. இளநி கிளநி இருந்தாப் பரவாயில்லை."

முழு இளநீரை வெட்டிக் கொடுத்தால் குடிக்கலாம். கோப்பையில் ஊற்றியதைக் குடிக்கக்கூடாது. இந்த விதியை எங்கே அச்சடித்திருக்கிறார்கள் என்று நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் மனப்பாடம். தேத்தண்ணியில் ஆடை படிந்தது. பெரியப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று காலை சலூனில் வழித்த முகம். படிகாரமும் பவுடரும் மணத்தன. சில மணித்தியாலங்களுக்கு முன் ஒரு மனிதனின் விரல்கள் இந்த மோவாயைப் பிடித்துத் திருப்பின, மூக்கை நிமிர்த்தின, கழுத்தில் கத்தி வைத்தன. அந்த விரல்களை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தவர், அதே சாதி விரல்கள் ஊற்றியிருக்குமோ என்ற சந்தேகத்தில் ஒரு கோப்பை தேத்தண்ணியைக் கண்டு பயந்தார். கழுத்தைக் கொடுக்கலாம், வாயைக் கொடுக்கக்கூடாது.

அடுத்த நாள் தரகர் தனியே வந்தார்.

"தம்பி, ஆக்கள் யோசிக்கினம்."

"என்னத்தை?"

"உது தொங்குதல்லோ." வாரைக் கையால் காட்டவில்லை, நாடியால் காட்டினார். "அவையள் பிழையா விளங்கிப்போட்டினம். நான் சொன்னனான், அந்தாள் கிளாக்கர், வாசிக்கிற ஆள், கொஞ்சம் ஒரு மாதிரி எண்டு. நம்புகினமில்லை."

"அப்ப என்ன செய்யிறது, ஊர் விதானையாரிட்டக் கடிதம் வாங்கிறதோ?"

"பகிடி விடாதையும். ஒரு வழி இருக்கு. சனிக்கிழமை காலமை சந்திச் சலூனுக்குப் போய் வழியும். பெரியப்பா அந்த நேரம் சந்தைக்கு வருவார். நீர் கதிரையில இருக்கிறதை அவர் கண்ணால கண்டாப் போதும். அந்த ஆக்களெண்டால் சலூன்ல காசு குடுத்து வழிப்பினமே?"

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. "போட்டு வா மோனை," என்றார். தங்கச்சி தையல் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்க்காததால் நான் போனேன்.

சந்திச் சலூன்காரருக்கு என் வயது இருக்கும். நான் வாசலில் நின்றதும், "வாங்கோ கிளாக்கர், வாங்கோ," என்றார். "நீங்கள் வருவியள் எண்டு காலமையே வந்து சொல்லிப்போட்டுப் போட்டினம். எந்தக் கதிரை? வாசல் கதிரையில இருங்கோ. றோட்டால போறவைக்கு வடிவாத் தெரியும்."

"உங்களுக்கும் தெரியுமோ?"

"நானாட்டான் முழுக்கத் தெரியும். வங்காலையிலயும் தெரிஞ்சிருக்கும். ஒவ்வொரு சம்பந்தத்துக்கும் இப்பிடி ஒராளை அனுப்பினாங்கள் எண்டால் நான் கல்வீடு கட்டிப்போடுவன்." என் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். "இதில என்னத்தை வழிக்கிறது? நேற்றுத்தானே எடுத்திருக்கிறியள். நல்ல வழிப்பு. ஆர் கத்தி தீட்டினது?"

"தங்கச்சி."

"அப்ப நான் அவவைத்தான் இங்க வேலைக்கு எடுக்கவேணும். அசையாதேங்கோ, இல்லாத மயிரை எடுக்கிறது கஷ்டம்."

அவர் கையில் இருந்ததைப் பார்த்தேன். அது சவரக்கத்தி அல்ல. பாதியாக உடைத்த பிளேட்டைச் செருகும் ஒரு பிடி. ஒருவருக்கு ஒரு பிளேட், பிறகு எறிந்துவிடுவார். சலூனில் வார் இல்லை, தீட்டுகிற கல் இல்லை. எல்லாரும் இப்படித்தான், வருடக்கணக்காக, என்றார். அதாவது, பெரியப்பா எங்கள் வீட்டில் கண்டுபிடித்த சாதி அடையாளம் அந்தச் சாதியாரிடமே இல்லை. அந்தப் பகுதி முழுக்கத் தேடினாலும் கதவில் வார் தொங்கிய ஒரே வீடு, ஏழாந் திருவிழாக்காரர் வீடு.

முகம் நிறைய நுரையோடு நான் இருந்தபோது பெரியப்பாவை ஏற்றிக்கொண்டு தரகரின் மோட்டார்சைக்கிள் வந்தது, மெதுவானது. பெரியப்பா பின்னால் இருந்தபடியே ஒரு காலை ஊன்றி, பார்த்து, தலையசைத்தார். இப்படி ஒரு திருப்தியான முகத்தை நான் அந்தக் காலத்தில் வேறு யாரிடமும் கண்டதில்லை. "அங்க பாருங்கோ, பாஸ் பண்ணிப்போட்டியள்," என்றார் சலூன்காரர் மெதுவாக.

மறுநாளே பெரியப்பா தரகரோடு வந்தார். இந்த முறை வாழைப்பழச் சீப்போடு வந்தார். கதிரையில் சாய்ந்து இருந்தார். தங்கச்சி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். எடுத்தார், ஊதினார், குடித்தார். கோப்பையைச் சரித்து அடியில் இருந்த சீனியையும் வாயில் விட்டுக்கொண்டார்.

"நல்ல தேத்தண்ணி," என்றார். "பிள்ளைக்குக் கைப்பக்குவம் இருக்கு. எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல நாள் பாப்பம்."

அம்மாவின் கண் கலங்கியது. எனக்கும் ஒரு பாரம் இறங்கியது. அந்த மனிதர்மேல் இருந்த இளக்காரம் அப்படியே இருக்க, பாரம் மட்டும் இறங்கியது.

"ஒண்டு மட்டும்," என்றார் பெரியப்பா. "தம்பி அந்தச் சாமானை எறிஞ்சுபோடவேணும். இனி எங்கட ஆக்கள் வந்துபோற வீடு. ஒவ்வொருத்தருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க ஏலாது."

நான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். உண்மையாகவே சொல்லத்தான் போனேன். பிளாஸ்ரிக் கருவிக்குத் திரும்புவது எனக்குப் பெரிய தியாகம் அல்ல.

"அது அண்ணான்ர இல்லை ஐயா," என்றாள் தங்கச்சி. கதவடியில் நின்றாள். "என்ர. தீட்டுறது நான்தான்."

பெரியப்பா சிரித்தார். "பிள்ளை பகிடி விடுறா."

"பகிடி இல்லை. பாருங்கோவன்."

மாடத்திலிருந்து கத்தியை எடுத்தாள். வாரின் நுனியைப் பிடித்து இறுக்கி, தினமும் காலையில் செய்வது மாதிரியே, அவசரமில்லாமல் தீட்டினாள். முதுகில் புரட்டிப் புரட்டி, மேலும் கீழுமாக. தரகர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பிறகு தலைமுடி ஒன்றைப் பிடுங்கி அலகில் விட்டாள். அது அறுந்து விழுந்தது.

அவள் பெரியப்பாவின் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள், தைத்த கொலரைப் பார்ப்பது போல.

"ஐயாவுக்கு இடக்காதுக்குக் கீழ கொஞ்சம் விட்டுப்போட்டினம்," என்றாள். "எடுத்துவிடட்டோ?"

பெரியப்பாவின் கை தன்னையறியாமல் காதடிக்குப் போனது. எழுந்தார். வாழைப்பழச் சீப்பைத் திருப்பி எடுப்பதா விடுவதா என்று ஒரு கணம் யோசித்தது முகத்தில் தெரிந்தது. விட்டுவிட்டுப் போனார். தரகர் மோட்டார்சைக்கிளைக் கிளப்பப் பட்ட பாடு பெரிது.

அம்மா அழுதார். அவளைத் திட்டினார், என்னைத் திட்டினார், இரும்புக்காரரைத் திட்டினார், செத்துப்போன அப்பாவையும் விடவில்லை. தங்கச்சி கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பிறகு கிணற்றடியில் போய் நெடுநேரம் நின்றாள். நான் போனபோது முகம் கழுவியிருந்தாள். அழுதாளா என்று அந்த ஈரத்தில் தெரியவில்லை.

"ஏன் பிள்ளை?" என்று கேட்டேன். "உனக்கு விருப்பமெண்டுதானே சொன்னனி."

"இப்பவும் விருப்பந்தான்."

"பிறகு?"

"முதல் நாள் அந்தாள் குடிக்காமல் போனதை நான் பெரிசா எடுக்கேல்லை அண்ணா. தெரியாத ஆக்கள், பயப்பிடுகினம் எண்டு நினைச்சன். இண்டைக்குக் குடிச்சதைத்தான் என்னாலை பாக்க ஏலாமக் கிடந்தது. அதே கோப்பை, அதே கை. வாழ்நாள் முழுக்க அந்தாளுக்கு நான் ஊத்திக் குடுத்துக்கொண்டிருக்கவேணுமே?"

சம்பந்தம் முறிந்தது. முறிந்ததற்கு ஊரில் சொல்லப்பட்ட காரணம், பெண் கத்தியைக் காட்டி மாப்பிள்ளையின் பெரியப்பாவை வெருட்டினாள் என்பது. கதை அரிப்புவரை போனது. அங்கே போய்ச் சேர்ந்தபோது கத்தி வாளாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். சாதி பார்த்ததைப் பற்றி அந்தக் கதையில் ஒரு சொல்லும் இல்லை. அது எல்லாருக்கும் இயல்பாகத் தெரிந்ததால் யாருக்கும் செய்தியாகப் படவில்லை.

இனி, மாப்பிள்ளை. அவரை நான் ஒரு தடவையும் சந்தித்துப் பேசவில்லை. தன் பெரியப்பா இதையெல்லாம் செய்தது அவருக்குத் தெரியுமா என்பதை அறிய முயன்றேன். கிடைத்தவை இரண்டு வாய்மொழிச் செய்திகள். தரகர் சொன்னது: தங்கச்சி வீட்டாரை நன்றாக விசாரித்துவிட்டு வரும்படி பெரியப்பாவை அனுப்பியதே மாப்பிள்ளைதான். தரகர் அந்தக் கலியாணத்தில் தரகுக் காசை இழந்தவர், யார்மேலாவது பழி போடவேண்டியவர். அதற்கேற்ற மதிப்புத்தான் இந்தச் சாட்சியத்துக்கு. தையல் நிலையத்தில் தங்கச்சியோடு வேலை செய்த பெண் சொன்னது: அடுத்த கிழமை ஒரு பின்னேரம் அவர் சைக்கிளில் வந்து, நிலையம் பூட்டும்வரை வேலியடியில் நின்றார். தங்கச்சி அன்று காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தாள். தைக்கக் கொடுத்த உடுப்பு எதுவும் அவருக்கு வரவேண்டியிருக்கவில்லை. என்ன வேணும் என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்றிருக்கிறார். இந்தப் பெண் தங்கச்சியின் சிநேகிதி, ஆறுதலுக்காகவும் சொல்லியிருக்கலாம்.

அவருக்குச் சில மாதங்களில் வவுனியாப் பக்கம் மாற்றல் வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்க வந்தாரா, திட்ட வந்தாரா, அல்லது அந்தப் பின்னேரம் அங்கே நின்றவர் அவர்தானா என்பது இதை எழுதும்வரை உறுதிப்படுத்தப்படவில்லை.